மென்பொருளின் கருவிப்பை: கோ மொழியில் அன்றும் இன்றும்

சாப்ட்வேர் ஆட்கள் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: “என் மெஷின்ல ஓடுதே!” நிரல் ஒன்றுதான், ரெப்போவும் ஒன்றுதான். ஆனாலும் ஒருவர் மெஷினில் சமர்த்தாக ஓடுவது அடுத்தவர் மெஷினில் முரண்டு பிடிக்கும். துருவிப் பார்த்தால் பல நேரம் நிரலில் தப்பே இருக்காது. அந்த நிரலைச் செய்யவும் சரிபார்க்கவும் பயன்பட்ட கருவி இரண்டு மெஷினிலும் வேறு வேறாக இருக்கும்.

ஒரு மென்பொருளுக்குள் பிறர் உழைப்பு இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒன்று லைப்ரரி. தரவுத்தளத்தோடு பேச, தேதி கணக்கிட, படத்தைச் சுருக்க என்று நாம் இழுத்துச் சேர்த்துக்கொள்பவை. முடிந்த பொருளுக்குள்ளேயே கலந்து வாடிக்கையாளர் கைக்கு அவை போய்விடும். மற்றது கருவி. நிரலை ஒழுங்காக அடுக்கித் தருவது, பிழை தேடுவது, திரும்பத் திரும்ப எழுத வேண்டிய பகுதியைத் தானே எழுதித் தருவது எல்லாம் இந்த வகை. நாற்காலி செய்து முடித்த தச்சர் உளியைத் தன் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதுபோல, வேலை முடிந்ததும் இவை வெளியே நின்றுவிடும்.

லைப்ரரிக்குக் கணக்கு வைக்க எல்லா மொழிகளும் ஏதோ ஒரு வகையில் பழகிக்கொண்டன. எந்தக் கருவி, எந்த வெர்ஷன் என்ற கணக்கை யார் எழுதுவது என்பதில்தான் இழுபறி. கூகுளில் பிறந்த கோ மொழி இதற்கு ஒரு நேரான விடை சொல்லக் கிட்டத்தட்ட 15 ஆண்டு எடுத்துக்கொண்டது.

எல்லாம் ஒரே கூரையின் கீழ்

ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007இல் கோ மொழியை வரையத் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் அது வெளியுலகுக்கு வந்தது. 2012 மார்ச்சில் 1.0 வந்தபோது, மொழியோடு சேர்ந்தே ‘கோ’ என்ற கட்டளையும் கைக்கு வந்தது. பில்ட் செய்ய, சோதிக்க, பிறர் நிரலை இறக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. ‘கோ கெட்’ என்று தட்டி, கூடவே ஒரு கிட்ஹப் முகவரியைக் கொடுத்தால் போதும். நிரலை இறக்கி, கம்பைல் செய்து, ஓடத் தயாராக வைத்துவிடும். சி மொழியில் மேக்ஃபைலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை.

இறக்கியதெல்லாம் ‘கோபாத்’ என்ற ஒரே கோப்புறைக்குள் போய் உட்காரும். உள்ளே மூன்று பிரிவு: மூல நிரலுக்கு ‘எஸ்ஆர்சி’, கம்பைல் ஆன துண்டுகளுக்கு ‘பிகேஜி’, ஓடும் கருவிகளுக்கு ‘பின்’. நீங்கள் பத்து ப்ராஜெக்டில் வேலை செய்தாலும் பத்துக்கும் இந்த ஒரே கூரைதான். ஒரு லைப்ரரிக்கு ஒரே பிரதி, ஒரு கருவிக்கும் ஒரே பிரதி.

எந்த வெர்ஷன் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. நீங்கள் கட்டளை தட்டிய நாளில் எழுதியவரின் ரெப்போவில் எது கடைசியாக இருந்ததோ, அதுதான் உங்களுக்கு. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒன்று, அடுத்த மாதம் சேர்ந்தவருக்கு வேறொன்று.

இவ்வளவு அனுபவசாலிகள் இதை எப்படி விட்டார்கள் என்றால், அவர்கள் வேலை பார்த்த இடத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. கூகுளில் பெரும்பாலான நிரல் ஒரே மாபெரும் ரெப்போவில் இருக்கிறது. எல்லோரும் அதன் நுனியிலிருந்தே பில்ட் செய்கிறார்கள். வெளியார் நிரல் வேண்டுமென்றால் அதையும் நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். கருவியும் அதே மரத்தில் காய்த்தது என்பதால் எல்லோர் கையிலும் ஒரே கருவி. வெளியே தெருவில் அப்படியா? ஆளுக்கொரு ரெப்போ, நாளுக்கொரு வெர்ஷன். கோ குழுவின் கேள்வி பதில் பக்கமும் 2013இல், வெளியார் நிரல் மாறிவிடுமோ என்று பயமாக இருந்தால் உங்கள் ரெப்போவுக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் யோசனை சொன்னது. கூகுளின் வழக்கத்தையே ஊருக்கும் சொன்னார்கள்.

ஒரு வரியின் கதை

கருவிகளின் சங்கடம் எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு கருவியை எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். அதன் பெயர் ‘ஸ்ட்ரிங்கர்’. நிரலில் வாரத்தின் நாட்களை 0, 1, 2 என்று எண்களாக வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் காட்டும்போது 0 என்று காட்டினால் யாருக்குப் புரியும்? ‘ஞாயிறு’ என்று காட்ட வேண்டும். எண்ணைப் பெயராக மாற்றும் அந்தச் சலிப்பான நிரலை நாம் எழுதாமல் ஸ்ட்ரிங்கர் எழுதித் தரும்.

2014 டிசம்பரில் வந்த கோ 1.4, ‘கோ ஜெனரேட்’ என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. மூல நிரலில் இரண்டு சாய்கோடு போட்டு, ‘கோ:ஜெனரேட் ஸ்ட்ரிங்கர்’ என்று ஒரு குறிப்பு வரி எழுதி வைத்தால், அந்தக் கட்டளை ஓடும்போது ஸ்ட்ரிங்கரைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வரியில் ‘ஸ்ட்ரிங்கர்’ என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது. எந்த ஸ்ட்ரிங்கர்? மெஷினின் ‘பாத்’ பட்டியலில் முதலில் எது அகப்படுகிறதோ, அது.

இப்போது ஒரே டீமில் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பல வருடம் முன்பு இறக்கிய ஸ்ட்ரிங்கரோடு இருக்கிறார். மற்றவர் புதியவர், சமீபத்தில் இறக்கியது. ஸ்ட்ரிங்கரின் பிற்கால வெர்ஷன்கள், எண்களின் மதிப்பு மாறிப்போனால் கம்பைல் ஆகாமல் தடுக்கும்படி சில வரிகளைக் கூடுதலாக எழுதுகின்றன. பழையதில் அந்த வரிகள் கிடையாது. புதியவர் ஜெனரேட் ஓட்டினால் வரிகள் சேரும். பழையவர் ஓட்டினால் அதே வரிகள் அழியும். இருவரும் மாறி மாறிக் கமிட் செய்ய, ஒரு கோப்பு வருவதும் போவதுமாக இருக்கும். நிரலில் யாரும் எதையும் மாற்றவில்லை. ரிவ்யூ செய்பவர் தலையைச் சொறிந்துகொள்வார்.

புரோட்டோபஃப் என்ற தரவு வடிவத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் பழக்கம். ‘புரோட்டோசி-ஜென்-கோ’ என்ற கருவி தான் எழுதும் கோப்பின் தலையிலேயே தன் வெர்ஷன் எண்ணை எழுதி வைக்கிறது. பத்து கோப்பு மாறியிருக்கிறதே என்று திறந்து பார்த்தால் பத்திலும் அந்த ஒரு எண்தான் மாறியிருக்கும். கூட வேலை செய்பவர் நேற்று கருவியை அப்டேட் செய்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். தானாக பில்ட் செய்து சோதிக்கும் சிஐ சர்வரிலோ மூன்றாவதாக ஒரு வெர்ஷன் இருக்கும். அது ‘கோப்பு பொருந்தவில்லை’ என்று சிவப்பு விளக்கு போடும்.

கணக்கில் வராத சரக்கு

வெளியுலகம் சும்மா இருக்கவில்லை. 2013இல், ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் பிறர் நிரலுக்கு, அதாவது டிபெண்டன்சிக்கு, கணக்கு வைக்கும் ‘கோடெப்’ என்ற மேலாளர் வந்தது. பிறகு ‘கிளைடு’, ‘கோவெண்டர்’, ‘ஜிபி’ என்று வரிசை கட்டின. 2015 ஆகஸ்டில் வந்த கோ 1.5, ‘வெண்டர்’ என்ற கோப்புறைக்குள் பிறர் நிரலை நகலெடுத்து வைத்தால் அதையே எடுத்துக்கொள்ளும்படி சோதனை முறையில் ஓர் ஏற்பாடு செய்தது. 2016 பிப்ரவரியில் 1.6இல் அது நிலைபெற்றது. லைப்ரரிகளின் தலைவலி பாதி குறைந்தது.

கருவிகளின் தலைவலி அப்படியே இருந்தது. காரணம் நுட்பமானது, முழுக் கதைக்கும் அச்சாணியும் அதுதான். இந்த மேலாளர்கள் எல்லாம் டிபெண்டன்சியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? நிரலின் ‘இம்போர்ட்’ வரிகளைப் படித்து. எதை இம்போர்ட் செய்கிறோமோ அது வேண்டும், மற்றது வேண்டாம். ஸ்ட்ரிங்கரை யாரும் இம்போர்ட் செய்வதில்லை. செய்யவும் முடியாது. அது தனியாக ஓடும் புரோகிராம், நிரலுக்குள் அழைக்கும் பேக்கேஜ் இல்லை என்று ‘கோ’ கட்டளையே மறுத்துவிடும். ஆகவே ப்ராஜெக்டே நம்பியிருக்கும் ஒரு பொருள் ப்ராஜெக்டின் கணக்கேட்டில் எங்கேயும் இல்லை. ரீட்மீ கோப்பில் ‘இவற்றையும் இன்ஸ்டால் செய்துகொள்ளவும்’ என்று நாலு வரி இருக்கும், அல்லது மேக்ஃபைலில் ‘டூல்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். மீதி எல்லாம் சீனியர்களின் ஞாபகத்தில்.

இதைக் கவனித்துச் சரியாகப் பெயர் கொடுத்தது 2017 தொடக்கத்தில் பொதுவில் வந்த ‘டெப்’ என்ற மேலாளர். அதன் கட்டமைப்புக் கோப்பில் ‘ரிக்வயர்ட்’ என்று ஒரு பட்டியல் உண்டு. யாரும் இம்போர்ட் செய்யாவிட்டாலும் இவை வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். பிழை தேடும் லின்டர், நிரல் எழுதித் தரும் ஜெனரேட்டர் போன்ற கருவிகளுக்காகவே அந்தப் பட்டியல் என்று அதன் கையேடும் சொன்னது. உளிக்கும் ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. ஆனால் அந்த ஏடு நீடிக்கவில்லை.

2018 பிப்ரவரி

அந்த ஒரு மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. கோ புரோகிராமுக்குள் படம், டெம்ப்ளேட் போன்ற கோப்புகளைப் பொதிந்து வைக்க ‘கோ-பின்டேட்டா’ என்ற கருவியைப் பலர் நம்பியிருந்தார்கள். அதை எழுதியவர் தன் கிட்ஹப் கணக்கையே மூடிவிட்டார். ஒவ்வொரு பில்டிலும் அந்த முகவரியிலிருந்து கருவியை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு பில்ட் உடைந்தது. கிட்ஹப்பில் காலியான பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வேறொருவர் அதே பெயரில் கணக்கு தொடங்கிப் பழைய நிரலைத் திரும்ப வைத்தார். நோக்கம் நல்லது, பில்டுகள் பிழைத்தன. ஆனால் அதே பெயரைக் கெட்ட எண்ணம் உள்ளவர் எடுத்திருந்தால், எத்தனை நிறுவனங்களின் மெஷினில் அவர் கொடுத்த புரோகிராம் ஓடியிருக்கும்! கருவி என்பது வெறும் நிரல் வரி இல்லை. நம் மெஷினில், நம் அனுமதியோடு, நம் கோப்புகளைத் தொட்டு ஓடுவது. அதன் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை என்பதன் ஆபத்து அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அதே மாதத்தில், கோ குழுவின் ரஸ் காக்ஸ் ‘விகோ’ என்ற பெயரில் மாட்யூல் முறைக்கான வரைவைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். ஒவ்வொரு ப்ராஜெக்டும் ஒரு மாட்யூல். அதன் வேரில் ‘கோ.மாட்’ என்று ஒரு கோப்பு. எந்த டிபெண்டன்சி, குறைந்தது எந்த வெர்ஷன் என்று அதில் எழுதியிருக்கும். பலர் ஒரே லைப்ரரியைக் கேட்டால், அவர்கள் கேட்டவற்றில் எது உயர்ந்ததோ அதை மட்டும் எடுக்கும். அதைவிடப் புதியது உலகில் இருந்தாலும் தொடாது. ஆகவே இன்று பில்ட் செய்தாலும் அடுத்த வருடம் செய்தாலும் ஒரே விடை. 2018 ஆகஸ்டில் கோ 1.11 இதை முன்னோட்டமாகக் கொண்டுவந்தது. டெப் பின்வாங்கியது. அதன் ‘ரிக்வயர்ட்’ பட்டியலும் கூடவே போனது. புதிய கோ.மாட் மறுபடி இம்போர்ட் வரிகளை மட்டுமே நம்பியது.

ஒரு கள்ளக் கோப்பு

அடுத்த ஆறரை ஆண்டு கோ உலகம் ஒரு தந்திரத்தில் ஓடியது. அதற்கு ‘டூல்ஸ்.கோ’ என்று பெயர். அந்தக் கோப்பில் நாலைந்து வரிதான் இருக்கும். முதல் வரியில் ‘டூல்ஸ்’ என்ற பில்ட் டேக் போட்டிருந்தால்தான் இந்தக் கோப்பைக் கம்பைல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. அந்த டேக்கை யாரும் போடப்போவதில்லை, ஆகவே கோப்பு ஒருநாளும் கம்பைல் ஆகாது. கீழே ஸ்ட்ரிங்கர் முதலிய கருவிகளை, பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டு, இம்போர்ட் செய்வதாகப் பாவனை.

இது எப்படி வேலை செய்கிறது? கோ.மாட்டைச் சுத்தம் செய்யும் ‘கோ மாட் டைடி’ கட்டளை, அனேகமாக எல்லா டேக்கும் போட்டிருப்பதாக எடுத்துக்கொண்டு எல்லாக் கோப்பையும் படிக்கும். டூல்ஸ்.கோவையும் படித்து, ‘ஓ, ஸ்ட்ரிங்கர் வேண்டும்போல’ என்று கோ.மாட்டில் அதன் வெர்ஷனை எழுதிவிடும். கம்பைலரோ அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை, ஆகவே செல்லாத இம்போர்ட் என்று சத்தமும் போடாது. ஒருவர் பார்க்க வேண்டும், மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கருவியின் கணக்கை ஒளித்து வைத்த கோப்பு அது. ஊரே இதைப் பின்பற்றியது. கோ குழுவினரே இதைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் முதன்முதலில் பார்க்கும் எவரும் ‘கம்பைலே ஆகாத கோப்பு எதற்கு?’ என்று கேட்காமல் இருந்ததில்லை. எடிட்டர் அதற்கடியில் சிவப்புக் கோடு போடுவதும் உண்டு.

இன்னொரு கூத்தும் நடந்தது. மாட்யூல் வந்த பிறகு, ப்ராஜெக்ட் கோப்புறையில் நின்றுகொண்டு ‘கோ கெட்’ கொடுத்து ஏதாவது ஒரு கருவியை இறக்கினால், அது ப்ராஜெக்டின் கோ.மாட்டையே திருத்திவிடும். சும்மா ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க நினைத்தவரின் கமிட்டில் சம்பந்தமில்லாத வரிகள் வந்து நிற்கும். ஆகவே மேக்ஃபைல்களில் ஒரு விசித்திர வரி குடியேறியது: தற்காலிகமாக ஒரு வெற்றுக் கோப்புறை உண்டாக்கு, அதற்குள் போ, அங்கே நின்று கருவியை இறக்கு, திரும்பி வா. ‘கோபின்’, ‘பிங்கோ’ என்று இதற்கென்றே தனிக் கருவிகள் எழுதப்பட்டன. கருவியைக் கணக்கு வைக்க ஒரு கருவி!

நடுவில் சிற்சில முடிச்சுகள் அவிழ்ந்தன. 2021 பிப்ரவரியில் வந்த 1.16, கருவியின் பெயரோடு வெர்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால் கோ.மாட்டைத் தொடாமல் நிறுவும் ‘கோ இன்ஸ்டால்’ வசதியைத் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 1.17, நிறுவாமலேயே அப்படி ஓட்டும் வசதியை ‘கோ ரன்’னுக்குத் தந்தது. 2022 மார்ச்சில் 1.18 வந்தபோது ‘கோ கெட்’ கருவியைக் கட்டும் வேலையை அடியோடு விட்டுவிட்டு, கோ.மாட்டைத் திருத்தும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய ‘கோ கெட்’ ஒரே மூச்சில் செய்த இரண்டு வேலையும் இப்படித் தனித்தனியானது.

இன்று

2025 பிப்ரவரியில் கோ 1.24 வந்தது. கோ.மாட்டில் இப்போது ‘டூல்’ என்று தொடங்கும் வரி எழுதலாம். அதையடுத்துக் கருவியின் முகவரி. அவ்வளவுதான். கையால் எழுத வேண்டியதும் இல்லை, ‘கோ கெட்’டோடு ‘மைனஸ் டூல்’ என்று சேர்த்துத் தட்டினால் அதுவே எழுதிவிடும். வெர்ஷன், வழக்கம்போல, கீழே உள்ள ‘ரிக்வயர்’ பகுதியில் பதிவாகும். டூல்ஸ்.கோவைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2017இல் டெப்பில் இருந்து, 2018இல் காணாமல் போன அந்த வரி, வேறு உருவில் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்றும் சொல்லலாம்.

ஓட்டுவதற்கு ‘கோ டூல் ஸ்ட்ரிங்கர்’. முன்பு ‘கோ டூல்’ என்ற கட்டளை கம்பைலர், பிபிராஃப் மாதிரி மொழியோடு கூடவே வரும் கருவிகளை மட்டுமே ஓட்டும். இப்போது ப்ராஜெக்ட் அறிவித்த கருவிகளையும் ஓட்டுகிறது. வெறுமனே ‘கோ டூல்’ என்று தட்டினால் பட்டியலே காட்டும். புதிதாகச் சேர்ந்தவர் ரீட்மீயைத் தேடி அலைய வேண்டாம். ‘கோ கெட் டூல்’ என்றால் எல்லாக் கருவியும் ஒன்றாகப் புதுப்பிக்கப்படும், ‘கோ இன்ஸ்டால் டூல்’ என்றால் எல்லாம் ஒன்றாக நிறுவப்படும்.

அந்த ஜெனரேட் வரிக்குத் திரும்பினால் மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். அன்று ‘கோ:ஜெனரேட் ஸ்ட்ரிங்கர்’. இன்று ‘கோ:ஜெனரேட் கோ டூல் ஸ்ட்ரிங்கர்’. நடுவில் சேர்ந்தவை இரண்டே சொல். ஆனால் அன்று எந்த ஸ்ட்ரிங்கர் என்று தீர்மானித்தது ஆளின் மெஷின். இன்று தீர்மானிப்பது ப்ராஜெக்டின் கோ.மாட். பழையவர், புதியவர், சிஐ சர்வர் மூன்று பேரும் ஒரே கோப்பைத்தான் உண்டாக்குவார்கள். ஒவ்வொரு முறையும் கருவியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகுமே என்ற கவலைக்கும் விடை உண்டு: முதல் முறை கட்டியதை 1.24 தன் பில்ட் கேஷில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறையிலிருந்து வேகம்தான்.

ஒரே பந்தியில் உட்கார்ந்தால்

இதில் எல்லாமே லாபம் என்று சொல்ல முடியாது. கருவியும் பொருளும் இப்போது ஒரே கோ.மாட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் மென்பொருள் ஒரு லைப்ரரியின் 1.2 வெர்ஷனைக் கேட்கிறது, நீங்கள் சேர்த்த ஒரு லின்டர் அதே லைப்ரரியின் 1.5ஐக் கேட்கிறது என்றால், மாட்யூல் விதிப்படி இருவருக்கும் 1.5தான். வாடிக்கையாளருக்குப் போகும் பொருளுக்குள் ஒரு லைப்ரரி உயர்ந்தது, பிழை தேட வந்த கருவிக்காக! மறுபக்கமும் உண்டு. கருவியை எழுதியவர்கள் சோதித்துப் பார்க்காத லைப்ரரி வெர்ஷனோடு அது உங்கள் இடத்தில் ஓட நேரலாம். டூல்ஸ்.கோ காலத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது, இப்போது நேர்வழியாகவே வருகிறது.

பல லின்டர்களை ஒன்றாகக் கட்டிய ‘கோலாங்சிஐ-லின்ட்’ இதற்கு நல்ல உதாரணம். அதன் தயாரிப்பாளர்கள் தங்களைக் கோ.மாட்டுக்குள் இழுக்காமல், தயாராகக் கட்டிய பைனரியை இறக்கிப் பயன்படுத்தவே சொல்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் டிபெண்டன்சிகள் அத்தனை. அதை ஒரு சிறு ப்ராஜெக்டின் கோ.மாட்டில் சேர்த்துப் பாருங்கள், ‘இண்டைரக்ட்’ என்ற குறிப்போடு வரிகள் கொட்டும். அவற்றில் எது பொருளுக்கு, எது கருவிக்கு என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோ.மாட்டை மட்டும் படிக்கும் பாதுகாப்பு ஸ்கேனர், வாடிக்கையாளரிடம் போகவே போகாத ஒரு லைப்ரரியின் ஓட்டைக்காக உங்களை எழுப்பிவிடும்.

நோட்.ஜேஎஸ் உலகம் இந்தப் பிரிவைப் பல ஆண்டுக்கு முன்பே ‘டெவ் டிபெண்டன்சி’ என்ற தனிப்பட்டியலால் செய்துகொண்டது. ரூபியின் பண்ட்லரில் குழு பிரிக்கும் வசதி உண்டு. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2019இல் ப்ராஜெக்ட் கருவிகளுக்கென்றே தனிக் கோப்பு கொடுத்தது. கோ இன்னும் அந்தச் சுவரை எழுப்பவில்லை, ஆனால் வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. ‘மாட்ஃபைல்’ என்ற கொடியைக் கொடுத்து, கருவிகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு மாட் கோப்பு வைத்துக்கொள்ளலாம். சின்னஞ்சிறு ஜெனரேட்டர்களைப் பிரதானக் கோப்பிலும், பெரும் குடும்பத்தோடு வரும் லின்டர்களைத் தனிக் கோப்பிலும் வைப்பதே புத்திசாலித்தனம் என்று நான் சொல்வேன்.

நம்பிக்கைக்கு யார் சாட்சி?

வெர்ஷன் எண் எழுதிவிட்டால் மட்டும் போதுமா? அந்த எண்ணின் பின்னால் இருக்கும் நிரலை யாராவது மாற்றி வைத்தால்? 2019 செப்டம்பரில் வந்த கோ 1.13 இதற்கு இரண்டு காவல் போட்டது. ஒன்று, கூகுள் நடத்தும் மாட்யூல் பிரதிக் கிடங்கு. ஒருமுறை யாராவது கேட்ட வெர்ஷனை அது பொதுவாகத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும், ஆகவே எழுதியவர் கணக்கை மூடினாலும் பில்ட் உடையாது. மற்றது, ஒவ்வொரு வெர்ஷனின் கைரேகையையும் யாரும் பின்னால் திருத்த முடியாதபடி எழுதி வைக்கும் பொதுப் பதிவேடு. உங்கள் ப்ராஜெக்டின் ‘கோ.சம்’ கோப்பில் அதே கைரேகைகள் இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் பில்ட் நின்றுவிடும். டூல் வரிக்குள் வந்த கருவிக்கும் இந்தக் காவல் தானாகவே கிடைக்கிறது. ரீட்மீயைப் பார்த்துக் கையால் இறக்கிய காலத்தில், எல்லோரும் ஒரே பொருளைத்தான் இறக்கினோமா என்று சரிபார்க்க ப்ராஜெக்டிடம் எதுவும் இல்லை.

கோவுக்கு இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. ஒரு மாட்யூலை இறக்குவதாலோ கம்பைல் செய்வதாலோ அதற்குள் இருக்கும் நிரல் உங்கள் மெஷினில் ஓடக் கூடாது என்பது அதன் கொள்கை. நோட் பேக்கேஜ்களில் நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் வழியாகப் புகுந்த விஷமங்கள் ஏராளம். ஆனால் கருவி என்று வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு அதோடு முடிந்தது. ஓட்டத்தானே அதை எடுத்தோம்?

கிடங்கின் நிரந்தரம் கெட்டதையும் காப்பாற்றும் என்பதை 2025இன் தொடக்கத்தில் பார்த்தோம். ‘போல்ட்’ என்ற புகழ்பெற்ற தரவுத்தள லைப்ரரியின் பெயரை ஒட்டிப் பெயர் வைத்த ஒரு போலி, பின்கதவோடு 2021இலேயே கிடங்குக்குள் போயிருந்தது. அதைச் செய்தவர் பிறகு கிட்ஹப்பில் சுத்தமான நிரலை மாற்றி வைத்துவிட்டார். பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், கிடங்கோ பழையதையே கொடுத்துக்கொண்டிருந்தது. கைரேகை ஒத்துப்போவது, எல்லோருக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தப் பொருள் யோக்கியமானதா என்று பார்க்கிற வேலை நம்முடையதே.

கருவிக்கும் ஆயுசு உண்டு

வெர்ஷனைக் கட்டிப்போட்டு வைத்தால் இன்னொரு சோம்பலும் வரும். ஏட்டில் இருக்கும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருகாலத்தில் பல கோ ப்ராஜெக்ட்கள் ஓட்டிய ‘கோலின்ட்’, 2021இல் ஓய்வு பெற்றுவிட்டது. கோ குழுவின் ‘மாக்’ ப்ராஜெக்ட் 2023இல் மூடப்பட்டு, ஊபர் நிறுவனத்தின் பராமரிப்பில் வேறு முகவரியில் தொடர்கிறது. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட்களுக்கு பில்ட் ஓடும், புதுத் திருத்தம் எதுவும் வந்து சேராது. கோ-பின்டேட்டா செய்துகொண்டிருந்த வேலையை, கோப்புகளைப் பொதியும் ‘எம்பெட்’ வசதியாக 1.16 மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. பலருக்கு அந்தக் கருவியே தேவையில்லாமல் போனது. டிபெண்டன்சியைச் சமாளிக்க ஆகச் சிறந்த வழி அது இல்லாமல் இருப்பதுதான் என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

டூல் வரிக்கு எல்லையும் உண்டு. கோ மொழியில் எழுதிய கருவியை மட்டுமே அது பிடித்து வைக்கும். புரோட்டோசி-ஜென்-கோவை எழுதி வைக்கலாம், ஆனால் அதைக் கூப்பிட்டு ஓட்டும் ‘புரோட்டோசி’ என்ற தலைமைக் கம்பைலர் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது. அது இன்றும் கோ.மாட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. நோடில் எழுதிய கருவி, ஷெல் ஸ்கிரிப்ட், தரவுத்தள சர்வர் எல்லாம் அப்படியே. அதற்கு டாக்கர் இமேஜோ மேக்ஃபைலோ வேறேதோ வேண்டும். அந்த இடங்களில் ‘என் மெஷின்ல ஓடுதே’ இன்னும் கேட்கும்.

என்றாலும் திசை சரி. அன்று கருவி ஆளோடு வந்தது, ஆளோடு போனது. எது வேண்டும் என்பது டீமின் ஞாபகத்தில் இருந்தது. இன்று கருவி ப்ராஜெக்டோடு இருக்கிறது, எவர் வந்தாலும் எவர் போனாலும். ஒரு கருவியை மாற்றுவது என்றால் இன்று கோ.மாட்டில் ஒரு வரி மாற வேண்டும், அந்த வரி ரிவ்யூவுக்கு வர வேண்டும், யாராவது ஒருவர் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். அன்று அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மேக்ஃபைலில் கருவிகளை இறக்கும் பழைய வரிகள் உங்கள் ப்ராஜெக்டில் இன்னும் இருந்தால், அடுத்த ஓய்வான பிற்பகலில் முதலில் அவற்றைக் கோ.மாட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக, ‘இது உண்மையிலேயே வேண்டுமா?’ என்று கேளுங்கள். பட்டியல் கண்ணுக்குத் தெரிந்தால்தானே அதைக் குறைக்க முடியும்?